ஸ்கூட்டரில் பூனை, பைக்கில் நாய்: மடியா, பையா, கூண்டா, ஆட்டோவா?

தடுப்பூசி மட்டும் என்றால் பக்கத்து ஊர்க் கால்நடை மருந்தகத்திலேயே போட்டுவிடலாம். எக்ஸ்ரே, ஸ்கேன், கருத்தடை ஆபரேஷன் என்று வந்தால் தஞ்சாவூருக்கோ கும்பகோணத்துக்கோ போக வேண்டியிருக்கும், கொஞ்சம் சிக்கலான நோய் என்றால் ஒரத்தநாட்டில் 2012இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போங்கள் என்பார்கள். வீட்டில் கார் கிடையாது. ஒரு ஆக்டிவா, அப்பாவின் எக்ஸ்எல், அண்ணனின் ஸ்ப்ளெண்டர், அவ்வளவுதான். அதனால் "செல்லப் பிராணியை டூவீலரில் ஏற்றவே கூடாது" என்று ஒரே வரியில் முடித்துக்கொள்வது நம் பக்கத்து ஆட்களுக்கு உதவாது. டூவீலர்தான் வழி என்று ஆன பிறகு, எதில் வைப்பது, எப்படிக் கட்டுவது, எது வரைக்கும் சரி, எங்கே "போதும், ஆட்டோ கூப்பிடு" என்று நிறுத்திக்கொள்வது, இதைத்தான் பார்க்க வேண்டும்.

எல்லா வழிகளையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடை போடுகிறேன். திடீரென்று பிரேக் பிடித்தாலோ, பக்கத்தில் பஸ்காரர் ஏர்ஹார்ன் அடித்து அது மிரண்டாலோ, அந்த ஜீவன் எங்கே போகும்? நம் சாலைகளில் பாதி தூரம் ஒரு பக்கம் வாய்க்கால், இன்னொரு பக்கம் வயல். ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் ஜனவரி 28 வரைக்கும் தண்ணீர் விடுவது வழக்கம், கல்லணைக் கால்வாய் நிறைய ஓடும்போது கரையில் தடுப்புச் சுவர் இல்லாத இடங்கள் எத்தனையோ. அந்த இடத்தில் பூனை கையை விட்டுக் குதித்தால் தேடிப் பிடிப்பது என்பதே கிடையாது.

கொஞ்சம் கணக்கும் பார்த்துவிடலாம். 40 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 11 மீட்டர். பார்த்து நிதானமாகப் பிரேக் பிடித்து 10 மீட்டரில் நிறுத்தினால், 10 கிலோ நாய் சுமார் 6 கிலோ எடை அளவுக்கு முன்னால் தள்ளும், அதைக் கையால் பிடித்துவிடலாம். அதே வேகத்தில் குறுக்கே வந்த டிராக்டரில் மோதி அரை மீட்டருக்குள் நின்றால், அந்த 10 கிலோ நாயை நிறுத்த 125 கிலோவைத் தாங்குகிற பிடி வேண்டும். யார் கையாலும் ஆகாது. "நான் கெட்டியாகப் பிடிச்சுக்குவேன்" என்று பின்னால் உட்காருகிறவர் சொல்லும்போது இந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒதுக்க வேண்டியவை

ஸ்கூட்டரில் காலடியில் நிற்க வைத்துக் கூட்டிப்போவது பார்க்க அழகாக இருக்கும், அதனால்தான் பலர் அதைச் செய்கிறார்கள். ஒரு தடவை அருகில் நின்று நாயின் காலைக் கவனித்துப் பாருங்கள். பிளாஸ்டிக் தரையில் அதன் நகத்துக்குப் பிடிப்பே கிடையாது, ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கும்போது முன்கால் இரண்டும் அகன்று சறுக்கி மார்பு முன்பக்கப் பலகையில் போய் இடிக்கும், உடனே உடம்பை விறைத்துக்கொண்டு மறுபடியும் நிமிர்ந்து நிற்கும். அது பழகிவிட்டது என்று நாம் நினைக்கிறோம், அது வழி முழுவதும் விழாமல் இருக்கப் போராடிக்கொண்டிருக்கிறது. சரி, விழவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஏதோ ஒரு தெருமுனையில் நாலு நாய்கள் குரைத்துக்கொண்டு வண்டியைத் துரத்தும். வண்டியில் இன்னொரு நாய் இருந்தால் கட்டாயம் துரத்தும். அப்போது உங்கள் நாய் எதிர்த்துக் குதிக்கும் அல்லது பயந்து உங்கள் மேல் ஏறும், உங்களுக்குக் காலை ஊன்ற இடம் இருக்காது.

இதைவிட மோசம், குதித்துவிடக் கூடாது என்று கழுத்துப் பட்டையில் கயிறு போட்டு அதை ஸ்கூட்டரில் பை மாட்டும் கொக்கியில் கட்டுவது. நாய் தவறி விழுந்தால் வண்டி நிற்கிற வரைக்கும் கழுத்து இறுகித் தொங்கிக்கொண்டு தரையில் இழுபடும். வண்டியின் எந்தப் பாகத்திலும் கழுத்துப் பட்டையைக் கட்டாதீர்கள், இதில் விதிவிலக்கே கிடையாது. 1988ஆம் வருடத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 125ஆவது பிரிவும், ஓட்டுகிறவருக்கு இடைஞ்சலாக எதையும் வைக்கக் கூடாது என்றுதான் சொல்கிறது, காலடியில் அசைந்துகொண்டிருக்கும் நாய் அதில் வரும்.

சீட்டுக்கு அடியில் இருக்கும் டிக்கியில் பூனைக்குட்டியையோ நாய்க்குட்டியையோ போட்டு மூடுவதையும் கேள்விப்படுகிறேன். பெட்ரோல் ஸ்கூட்டரில் அதற்குக் கீழேதான் இன்ஜின், காற்றும் கிடையாது. "பத்து நிமிஷம்தானே" என்பது அந்தக் குட்டிக்கு நீண்ட நேரம். பூனையைச் சாக்கில் போட்டுக் கட்டி ஹேண்டில்பாரில் தொங்கவிடுவதும் இதே கணக்குதான். 1960ஆம் வருடத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவு, தேவையில்லாத வலியோ துன்பமோ வருகிற மாதிரி எந்த வண்டியிலும் விலங்கைக் கொண்டு போவதைக் குற்றம் என்கிறது. அப்புறம், நாய்க்கு நடைப்பயிற்சி என்று சொல்லிக் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டியோடு சேர்த்து ஓட விடுவது. நாய் நிற்க நினைத்தாலும் நிற்க முடியாது, காலடியில் தார் கொதிக்கும், கயிறு சக்கரத்தில் மாட்டினால் இரண்டு பேருக்கும் ஆபத்து. இதைப் பற்றி மேற்கொண்டு பேச ஒன்றும் இல்லை.

மடியில் வைத்துக்கொள்வது

நம் ஊரில் அதிகம் நடப்பது இதுதான், எல்லா நேரத்திலும் தப்பு என்றும் சொல்ல மாட்டேன். ஒன்றரை, இரண்டு மாத நாய்க்குட்டி, துண்டில் சுற்றிப் பிடித்தால் தூங்கிவிடும், இரண்டு மூன்று கிலோமீட்டர் தூரம், ஓட்டுகிறவர் நிதானமானவர், பின்னால் இருப்பவர் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார் என்றால் போகலாம்.

இதில் எது குறைந்தாலும் கதை மாறுகிறது. புடவை கட்டிக்கொண்டு ஒரு பக்கமாக உட்காருகிறவருக்கு ஒரு கை வண்டியின் கம்பியைப் பிடிக்க வேண்டும், இன்னொரு கையில் குட்டி, பள்ளத்தில் இறங்கினால் எதை விடுவது? பெரும்பாலும் கம்பியைத்தான் விடுவார்கள், பாசம் அப்படி. துண்டின் முனையும் நாய்க் கயிற்றின் நுனியும் பின்சக்கரத்தை நோக்கித் தொங்குகிறதா என்று கிளம்பும் முன் பார்த்துச் செருகிக்கொள்ள வேண்டும்.

பூனையை மட்டும் எந்த வயதிலும் வெறும் கையில் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறாதீர்கள். சந்தைக்கு ஆட்டுக்குட்டியை மடியில் வைத்து எக்ஸ்எல்லில் போகிறவர்களைப் பார்த்துவிட்டு "ஆடே உட்கார்ந்து வருது, பூனைக்கு என்ன" என்று கேட்கிறார்கள். ஆட்டுக்குட்டி காலை மடக்கி அணைத்துப் பிடித்தால் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். பூனை மிரண்டால் உயரமான இடத்தைத் தேடும், வண்டியில் உயரமான இடம் ஓட்டுகிறவரின் தலை. நாலு கால் நகமும் கழுத்திலும் முகத்திலும் பதியும்போது யாரால் ஹேண்டில்பாரை நேராகப் பிடிக்க முடியும்? கடியோ ரத்தம் வருகிற பிறாண்டலோ பட்டால், சொந்த வீட்டு விலங்காகவே இருந்தாலும், சோப்பும் ஓடுகிற தண்ணீரும் வைத்து 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள், ரேபிஸ் விஷயத்தில் நாளைக்குப் பார்ப்போம் என்பதே கூடாது.

பையா, கூண்டா

தீர்மானிக்க வேண்டிய இடம் உண்மையில் இதுதான். 5 கிலோ வரைக்கும் உள்ள பூனை, பொமரேனியன் மாதிரி சின்ன நாய், குட்டிகள், இவற்றுக்கு இரண்டுமே பொருந்தும்.

முதுகில் மாட்டுகிற பை இப்போது ஆன்லைனில் எல்லோரும் வாங்குகிறார்கள். கைக்கு அடக்கம், பஸ் ஸ்டாண்டிலும் ஆஸ்பத்திரி வரிசையிலும் தூக்கிக்கொண்டு நிற்கச் சுலபம், வீட்டில் மடித்து வைத்துவிடலாம். குறைகளும் சேர்ந்தே வருகின்றன. விண்வெளி வீரர் தலைக்கவசம் மாதிரி முன்னால் உருண்டையாக ஒரு பிளாஸ்டிக் ஜன்னல் இருக்கிறதே, அந்த வகைப் பை நம் வெயிலுக்கு ஆகவே ஆகாது. வெளிச்சமும் சூடும் உள்ளே போகும், சூடு வெளியே வராது. வாங்குவதாக இருந்தால் மூன்று பக்கமாவது வலைத் துணி இருக்கிற பையாக வாங்குங்கள். அடியில் கெட்டியான பலகை இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் நடுவில் தொய்ந்து பூனை ஒரு மூட்டையாகக் கிடக்கும். ஜிப்பையும் நம்பாதீர்கள். பூனை மூக்கை வைத்து ஜிப் சேரும் மூலையைத் தள்ளித் தள்ளி விரல் அளவு இடம் பண்ணிவிடும், அதற்குப் பிறகு தலை, தலை வந்தால் உடம்பு. இரண்டு ஜிப் முனைகளையும் சேர்த்துச் சாவிக்கொத்து வளையம் ஒன்றைக் கோத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. பைக்குள்ளே ஒரு குட்டிக் கொக்கி வைத்திருப்பார்கள், அதை மார்புப் பட்டையில் (ஹார்னஸ்) மாட்டுங்கள், கழுத்துப் பட்டையில் அல்ல.

பையை யார் மாட்டிக்கொள்வது என்பதிலும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஓட்டுகிறவர் முன்னால் மாட்டினால் ஹேண்டில்பார் திருப்ப முடியாது. முதுகில் மாட்டினால் வளைவில் எடை உங்களைப் பின்னால் இழுக்கும், விழுந்தால் அதன் மேலேயே விழுவீர்கள். பின்னால் உட்காருகிறவர் பையை முன்பக்கமாக மாட்டிக்கொண்டு, அதன் அடிப்பாகம் சீட்டில் உட்காருகிற மாதிரி இரண்டு பேருக்கும் நடுவில் வைத்துக்கொள்வதுதான் எனக்குச் சரியாகத் தெரிகிறது. எடையைச் சீட்டு தாங்கும், கை இரண்டும் பிடித்துக்கொள்ளக் கிடைக்கும், பூனைக்குத் தெரிந்தவரின் குரல் பக்கத்திலேயே இருக்கும். ஆக, பை என்றால் இரண்டு பேர் போக வேண்டும்.

தனியாகப் போகிறீர்கள் என்றால் கெட்டிக் கூண்டுதான், இரண்டு பேர் போனாலும் எனக்குக் கூண்டின் மேல்தான் நம்பிக்கை அதிகம். கம்பிக் கதவு வைத்த பிளாஸ்டிக் கூண்டைச் சொல்கிறேன். வண்டி சாய்ந்தாலும் முதல் அடியை அது வாங்கும், உள்ளே இருக்கும் ஜீவன் வெளியே தெறித்துப் போகாது. நீளம் சுமார் 50 சென்டிமீட்டர், அகலம் 30 சென்டிமீட்டர் இருக்கிற அளவு பின்சீட்டில் நீளவாக்கில் உட்காரும். உள்ளே அது எழுந்து நின்று திரும்பிப் படுக்க முடிய வேண்டும், அதற்கு மேல் பெரிதாக இருந்தால் ஒவ்வொரு பிரேக்குக்கும் உருண்டு மோதும். மேல்பக்கமும் திறக்கிற மாதிரி இருந்தால் இன்னும் நல்லது, டாக்டர் பூனையை இழுத்து வெளியே எடுக்காமல் உள்ளேயே வைத்து ஊசி போட முடியும். கிளிக்கும் முயலுக்கும் விற்கிற கம்பிக் கூண்டை இதற்குப் பயன்படுத்தாதீர்கள், கம்பி இடுக்கில் கால் மாட்டும்.

காசு கொடுத்து வாங்க முடியாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. காய்கறிக் கடையில் அடுக்கி வைத்திருக்கும் பிளாஸ்டிக் கிரேட் ஒரே அளவில் இரண்டு வாங்குங்கள், ஒன்றின் மேல் இன்னொன்றைக் கவிழ்த்து, ஒரு நீளப் பக்கத்தில் கேபிள் டை போட்டுக் கீல் மாதிரி ஆக்கிவிட்டு, பூனையை உள்ளே விட்டபின் எதிர்ப்பக்கத்தில் நாலு இடத்தில் கெட்டியாகக் கட்டுங்கள். காற்று நாலா பக்கமும் போகும், உறுதிக்கும் குறைவில்லை. ஓட்டை பெரிதாக இருக்கிற கிரேட் என்றால் குட்டிகளுக்கு ஆகாது, தலையை நுழைத்துவிடும்.

கூண்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கட்டுகிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. அதைக் கற்றுக்கொள்ளக் காலையில் மீன் விற்க வருகிற அண்ணன்கள் பெட்டி கட்டுவதைப் பாருங்கள். சீட்டின் மேல் முதலில் ஒரு பழைய ரப்பர் மேட், அதன் மேல் பெட்டி. நைலான் கயிறு ஒரு பக்கத்துப் பின்கம்பியில் தொடங்கி, பெட்டியின் மேலே குறுக்காகப் போய், எதிர்ப்பக்கத்துக் கம்பியைச் சுற்றித் திரும்பி வரும், மறுபடியும் இன்னொரு குறுக்கு. அதற்கு மேலே சைக்கிள் டியூபை வெட்டிய ரப்பர் பட்டையை இழுத்து இறுக்குவார்கள். கயிறு மட்டும் என்றால் போகப் போகத் தளர்ந்துவிடும், டியூப் மட்டும் என்றால் பள்ளத்தில் பெட்டி துள்ளும், இரண்டும் சேர்ந்தால்தான் அசையாது. கட்டி முடித்ததும் பெட்டியைப் பிடித்து ஆட்டுங்கள், வண்டி ஆட வேண்டும், பெட்டி தனியாக ஆடக் கூடாது. கிளம்பி ஒரு கிலோமீட்டர் போனதும் நிறுத்தி இன்னொரு முறை ஆட்டிப் பாருங்கள். கூண்டின் கதவு உங்கள் முதுகைப் பார்த்து இருக்கட்டும், தாழ்ப்பாள் எப்படியோ திறந்துகொண்டாலும் வழி அடைபட்டிருக்கும். பக்கவாட்டில் எதுவும் சைலன்சர் பக்கம் தொங்கக் கூடாது.

இந்த இடத்தில் எக்ஸ்எல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆக்டிவா, பைக் எல்லாவற்றையும்விட இதற்குப் பொருத்தமான வண்டி அதுதான் என்பது என் எண்ணம். எக்ஸ்எல் 100இல் பின்சீட்டைக் கழற்றிவிட்டால் தட்டையான இடம் கிடைக்கும், கூண்டு தாழ்வாக உட்காரும், கயிறு கட்டச் சுற்றிலும் கம்பி இருக்கிறது, வேகமும் அளவோடுதான் போகும். முன்னால் காலுக்கு நடுவிலும் சின்னக் கூண்டு வைக்கலாம், ஆனால் ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பார்த்து, எங்கும் இடிக்கவில்லை என்றால் மட்டும். வீட்டில் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் இருந்தால் பூனைக்கு அதை எடுங்கள், இன்ஜின் சத்தமும் அதிர்வும் சூடும் இல்லாதது அதற்குப் பெரிய நிம்மதி.

கூண்டை ஊசி போடும் நாளில் மட்டும் பரண் மேலிருந்து இறக்கினால் எந்தப் பூனையும் உள்ளே போகாது. ஒரு வாரம் முன்பே இறக்கிக் கதவைத் திறந்து கூடத்தில் போட்டுவிடுங்கள், பழைய துணி ஒன்றை உள்ளே விரித்து, கருவாட்டுத் துண்டு ஒன்றை அதில் வைத்தால் தானாகப் போய்ப் படுத்துக்கொள்ளும். வண்டியில் ஏற்றியதும் மெல்லிய பருத்தித் துண்டை மேலே போர்த்தி ஒரு பக்கம் காற்றுக்கு விட்டுவிடுங்கள். வெளியே ஓடுகிற எதையும் பார்க்காதவரைக்கும் பூனை பாதி அமைதிதான்.

10 கிலோவுக்கு மேல்

நாட்டு நாய் வளர்ந்தால் 15 கிலோவைத் தொடும், லேப்ரடார் 30 கிலோ, ராஜபாளையம் அதே கனம். வெளிநாட்டு வீடியோவில் கண்ணாடி போட்டுக்கொண்டு பைக்கில் உட்கார்ந்து வருகிற நாயைப் பார்த்து ஆசைப்படலாம், அதற்கென்றே செய்த இருக்கையும் பல மாதப் பழக்கமும் அதற்குப் பின்னால் இருக்கின்றன. அறுவடைக் காலத்தில் பாதி ரோட்டில் நெல் காய்கிற, மீதியில் கதிர் அறுக்கும் இயந்திரம் எதிரே வருகிற நம் சாலையில் 30 கிலோ உயிர் ஒன்று பின்னால் எடை மாற்றிக்கொண்டே இருந்தால் எவ்வளவு தேர்ந்தவருக்கும் வண்டி தடுமாறும். என் கோடு இதுதான்: 5 கிலோ வரை பையோ கூண்டோ, 5 முதல் 10 வரை கூண்டு மட்டும், அதுவும் எக்ஸ்எல் மாதிரித் தட்டையான இடம் இருந்தால். அதற்கு மேல் டூவீலரை மறந்துவிடுங்கள்.

ஆட்டோக்காரர்கள் நாயை ஏற்ற மாட்டார்கள் என்பது முழு உண்மை இல்லை. முன்கூட்டியே சொல்லாமல் நாயோடு போய் நிற்பதுதான் அவர்களுக்குப் பிடிக்காது. "அண்ணே, நாய் ஒண்ணு இருக்கு, ஆஸ்பத்திரிக்குப் போவணும்" என்றால், "கடிக்காதுல்லக்கா?" என்பார். "கடிக்காதுண்ணே, பழைய பெட்ஷீட் கொண்டாறேன், விரிச்சுக்குறேன், அசிங்கம் பண்ணுனா நானே கழுவித் தந்துடுறேன்." இதற்கு மேல் மறுக்கிறவர் குறைவு. நாயைச் சீட்டில் ஏற்றாமல் தரையில் கால்களுக்கு நடுவில் உட்கார வைத்து, கயிற்றைக் கையில் சுருக்கிப் பிடியுங்கள், திறந்த பக்கம் நீங்கள் உட்காருங்கள். அறிமுகமில்லாதவர்கள் ஏறும் ஷேர் ஆட்டோ வேண்டாம். பெரிய நாய், அல்லது இரண்டு மூன்று வீட்டு நாய்களுக்குச் சேர்த்துத் தடுப்பூசி என்றால் குட்டியானை (சின்ன லோடு வண்டி) ஒன்றை வாடகைக்குப் பேசிப் பங்கு போட்டுக்கொள்ளலாம், ஒவ்வொரு நாயோடும் ஒரு ஆள் பின்னால் உட்கார வேண்டும்.

போகாமலேயே வேலை முடியுமா என்றும் பாருங்கள். தடுப்பூசிக்கு வீட்டுக்கே வருகிற டாக்டர்கள் இருக்கிறார்கள், ஆட்டோ வாடகையைக் கணக்குப் பண்ணினால் சில சமயம் அது அதிகமில்லை. செப்டம்பர் 28 உலக ரேபிஸ் தினம், அதையொட்டிப் பல ஊர்களில் இலவசத் தடுப்பூசி முகாம் நடக்கும், உங்கள் ஊர் மருந்தகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வெயில்

எந்தக் கூண்டு எந்தப் பை என்பதைவிடச் சில நாட்களில் எந்த நேரம் என்பதுதான் உயிரைத் தீர்மானிக்கும். நாய்க்கு உடம்பு முழுக்க வியர்க்காது, நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ள வேண்டும். அதன் இயல்பான உடல் வெப்பமே 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ், நம்மைவிட அதிகம். 41ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் பாதிக்கத் தொடங்கும். பக், ஷிட்ஸு போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இரைப்பதே சிரமம், அவை இன்னும் சீக்கிரம் விழும். வண்டி ஓடும்போது காற்று பட்டுக்கொண்டிருப்பதால் நமக்கு இது உறைக்காது, நின்றால்தான் தெரியும். நீடாமங்கலம் மாதிரி ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டு முன்னும் பின்னும் லாரி நிற்க, மேலே வெயிலும் கீழே தாரும் சுடும்போது பைக்குள் கையை விட்டுப் பாருங்கள், புரியும். கேட் போட்டிருக்கிறது என்று தெரிந்தால் வரிசையில் போய் நிற்காமல் முன்னாலேயே ஒரு மர நிழலில் ஒதுங்கிவிடுவது நல்லது.

மார்ச்சிலிருந்து ஜூன் வரைக்கும் காலை ஒன்பதுக்கு முன், மாலை ஐந்துக்குப் பின், இந்த இரண்டு நேரம்தான். டாக்டர் நடுப்பகலில்தான் வரச் சொல்கிறார் என்றால் காலையிலேயே போய் நிழலில் காத்திருங்கள். வாய் அகலத் திறந்து, நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் கொழகொழவென்று வடிந்து, தள்ளாடினால் பயணத்தை அங்கேயே நிறுத்திவிட்டு, வயிறு, தொடை இடுக்கு, பாதம் என்று சாதாரணத் தண்ணீரால் நனைத்து விசிறியபடியே பக்கத்து மருத்துவரைக் கூப்பிடுங்கள். பூனை வாயைத் திறந்து இரைப்பதே அபாயம்தான். ஐப்பசி கார்த்திகை மழையில் கூண்டைச் சுற்றிப் பாலிதீன் கட்டுகிறார்கள், காற்று அடைத்துவிடும், மேலே மட்டும் கூரை மாதிரிப் போட்டுப் பக்கங்களை விட்டுவிட வேண்டும், பலத்த மழை என்றால் போகவே வேண்டாம்.

வேகம் 40ஐத் தாண்ட வேண்டாம். 2022இல் கொண்டுவந்த மத்திய அரசு விதி, நாலு வயதுக்கு உட்பட்ட குழந்தையை டூவீலரில் ஏற்றினால் இணைப்புப் பட்டையும் தலைக்கவசமும் போட வேண்டும், 40க்கு மேல் போகக் கூடாது என்கிறது. குழந்தைக்குப் போட்ட அந்த வரம்பையே உங்கள் நாய்க்கும் பூனைக்கும் வைத்துக்கொள்ளுங்கள், நம் ரோட்டுக்கு 30 இன்னும் நல்லது.

கிளம்புவதற்கு மூன்று நாலு மணி நேரம் முன்பு சாப்பாட்டை நிறுத்திவிட்டால் வாந்தி குறையும், தண்ணீர் கொடுக்கலாம். பால் மறக்காத குட்டிகளைப் பட்டினி போடக் கூடாது. மெடிக்கலில் தூக்க மாத்திரை கேட்டு வாங்கிக் கொடுத்து அமுக்கிக் கூட்டிப்போகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். மயக்கத்தில் அதற்கு உடலைச் சமன் செய்துகொள்ளவும் சூட்டைச் சமாளிக்கவும் முடியாது. பூனைக்குப் பாராசிட்டமால் ஒரு மாத்திரைகூட உயிரைக் கொல்லும். வண்டியில் வாந்தி வரும் நாய்க்கென்று தனி மருந்து இருக்கிறது, டாக்டர் எடை பார்த்து எழுதித் தருவார்.

ஆபரேஷன் முடிந்து திரும்பும்போது

போகும்போது கூண்டில் வைத்து ஸ்கூட்டரில் போன அதே பூனையை, கருத்தடை முடிந்ததும் அதே ஸ்கூட்டரில் கொண்டு வருகிறார்கள். இதில் மட்டும் யாரும் சிக்கனம் பார்க்க வேண்டாம். மயக்கம் முழுதாகத் தெளியாத விலங்குக்குத் தலையை நிமிர்த்திப் பிடிக்கத் தெம்பு இருக்காது, கழுத்து மடிந்து கிடந்தால் மூச்சுக்குழாய் அடைபடும், வாந்தி எடுத்தால் நுரையீரலுக்குள் போகும். ஓட்டுகிறவருக்குப் பின்னால் கூண்டில் என்ன நடக்கிறது என்பது வீட்டு வாசல் வரைக்கும் தெரியாது. பள்ளத்தில் ஒவ்வொரு குலுக்கலும் தையலை இழுக்கும்.

ஆபரேஷன் நாளைக் குறிக்கும்போதே டாக்டரிடம் எத்தனை மணிக்கு வீட்டுக்கு அனுப்புவீர்கள் என்று கேட்டு, அந்த நேரத்துக்கு ஆட்டோ சொல்லி வைத்துவிடுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தலையைத் தூக்கிப் பார்க்கிற வரைக்கும் அங்கேயே காத்திருங்கள். ஆட்டோவில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, கழுத்து நேராக, தலைக்கு அடியில் தலையணை எதுவும் வைக்காமல், மூக்குக்கு முன்னால் துணி விழாமல் பார்த்துக்கொண்டு வாருங்கள். மயக்க மருந்தால் உடம்பு குளிர்ந்திருக்கும், சித்திரை வெயிலாக இருந்தாலும் ஒரு துண்டைப் போர்த்துங்கள். ஈறு வெளுத்தாலோ மூச்சு விட்டு விட்டு வந்தாலோ வண்டியைத் திருப்பி ஆஸ்பத்திரிக்கே விடச் சொல்லுங்கள். இதைத் தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் வரும் 40 கிலோமீட்டரில் செய்ய வேண்டும் என்றால் கூட ஒரு ஆள் இருப்பது நல்லது, ஒருவர் வழி பார்க்க, இன்னொருவர் மூச்சைப் பார்க்க.